விலை தெரியாத பிரயாணி



நமது பேராவூரணி வட்டாரத்தில் கடல் கடந்து போன ஆள் ஒருவராவது இல்லாத தெருவைக் காண்பது அரிது. முற்காலத்தில் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போனார்கள். ‘ரஜூலா’ என்னும் கப்பலின் பெயரைக் கேட்டால் இன்றும் சில வீடுகளில் பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அது கொண்டுபோய் இறக்கிய தமிழர் எத்தனையோ ஆயிரம் பேர். இக்காலத்தில் திருச்சிராப்பள்ளியில் விமானம் ஏறுகிறார்கள். சில மணி நேரத்தில் சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் என்று போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் நம் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்துப் போட்டபின், இந்தப் பிரயாணம் பல குடும்பங்களுக்கு ஆசையாக இராமல் அவசியமாகவே ஆகிவிட்டது.

அப்படிப் போன உங்கள் மகனையோ மருமகனையோ சற்று நினைத்துப் பாருங்கள். விமான நிலையத்தை விட்டு வெளியே வருகிறான். கையில் பெட்டி, சட்டைப் பையில் விலாசம் எழுதிய ஒரு காகிதம். அந்த நாட்டில் அவன் முதன்முதல் காரியம் பேசுகிற ஆள் யார்? பெரும்பாலும் வாடகைக் கார் ஓட்டுகிற ஒரு மனிதன்தான். நம் பையனுக்கு வழி தெரியாது. நியாயமான வாடகை இவ்வளவென்று தெரியாது. பாஷை சரியாக வராது. அந்த நாட்டு நாணயம் கைக்குப் பழகவில்லை. ஆயினும் கதவைத் திறந்து உள்ளே உட்காருகிறான். கதவு சாத்தப்படுகிறது. அந்த நிமிஷம் முதல் வண்டி நிற்கிற வரையில், அவன் பணம் மட்டுமல்ல, அவனே இன்னொருவன் கையில் இருக்கிறான்.

இனி நம் பக்கம் பார்ப்போம். ஆண்டுதோறும் ஆகஸ்டு 29ஆம் தேதி வேளாங்கண்ணியில் கொடி ஏறுகிறது. செப்டம்பர் 8ஆம் தேதி முடிய, கோவாவிலிருந்தும் மும்பையிலிருந்தும் கேரளத்திலிருந்தும் யாத்திரிகர்கள் திரள்திரளாக வருகிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்க்க வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள். சில ஆண்டுகளாக மேற்கு வங்கத்திலிருந்து நாற்று நடவுக்கும் கூலி வேலைக்கும் ஆட்கள் நம் காவிரிப் பாசனப் பகுதிக்கு வந்து இறங்குகிறார்கள். பேருந்தை விட்டு இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நம் ஆட்டோ ஸ்டாண்டுக்கு முன்னால் வந்து நின்று திருதிருவென்று விழிக்கிறார்கள். அவர்களுக்கும் வழி தெரியாது, விலை தெரியாது, பாஷை தெரியாது.

அவர்களிடம் நாம் என்ன வாடகை கேட்கிறோம்? ‘வெளியூர்ப் பார்ட்டி’ என்று சொல்லிக் கண்ணைச் சிமிட்டி, ஒன்றுக்கு இரண்டாகக் கேட்கிறோமா? அப்படிக் கேட்பது சாமர்த்தியமா, களவா? இன்று நாம் ஆராய வேண்டிய கேள்வி இதுவே. சின்னக் கேள்விபோலத் தோன்றும். ஆனால் இதற்கு நாம் சொல்லும் விடையைப் பொறுத்தே, அந்நியன் நமக்குப் பிறத்தியானா இரையா என்பது தீர்மானமாகிறது.

மீட்டர் வந்த கதை

‘டாக்சி’ என்று நாம் சொல்லுகிற வார்த்தையே ‘டாக்சி மீட்டர்’ என்பதிலிருந்து வந்தது. ஓடிய தூரத்தைக் கணக்கிட்டு வாடகையைக் காட்டும் இந்தக் கருவியை 1891ஆம் ஆண்டு செய்தவர் புரூன் என்னும் ஜெர்மானியர். அதற்கு முன்பு பல இடங்களில் குதிரை வண்டிக்காரன் சொன்னதே விலை.

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் 1907ஆம் ஆண்டு நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவம் ஒன்று உண்டு. ஹாரி ஆலன் என்பவர் முக்கால் மைல் தூரம் குதிரை வண்டியில் போனார். வண்டிக்காரன் ஐந்து டாலர் வாங்கிக்கொண்டான். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. ஆலனுக்குக் கோபம் பொறுக்கவில்லை. பிரான்சு தேசத்திலிருந்து மீட்டர் பொருத்திய மோட்டார்களை வரவழைத்து, அதே ஆண்டு அந்நகரில் டாக்சி கம்பெனி தொடங்கிவிட்டார். ஆக, ஏமாந்த பிரயாணி ஒருவரின் மனத்தாங்கலும் நியூயார்க்கின் மீட்டருக்கு ஒரு காரணம்.

இலண்டன் மாநகரில் இன்னொரு வழியைக் கண்டார்கள். 1865ஆம் ஆண்டு முதல் அங்கே வாடகை வண்டி ஓட்ட விரும்புகிறவன் கடினமான பரீட்சை ஒன்றில் தேற வேண்டும். சேரிங் கிராஸ் என்ற இடத்தை நடுவாக வைத்துச் சுற்றிலும் ஆறு மைல் எல்லைக்குள் இருக்கும் சுமார் 25,000 தெருக்களை அவன் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். பலருக்கு மூன்று நான்கு வருஷம் பிடிக்கிறது. பிரயாணிக்கு வழி தெரியாது. ஆகையால் ஓட்டுகிறவனாவது ஐயமறத் தெரிந்து, நேர் வழியே கொண்டுபோகட்டும் என்பது அதன் கருத்து.

நம் தமிழ்நாட்டிலும் 2013ஆம் ஆண்டு அரசாங்கம் சென்னை ஆட்டோக்களுக்குக் கட்டணம் வகுத்தது: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டர் ஒன்றுக்கு 12 ரூபாய். பெட்ரோல் விலை ஏறிய பிறகும் அது பல ஆண்டுகள் திருத்தப்படாமல் கிடந்தது. அதனால் டிரைவர்கள் குறைப்பட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. மலேசியாவில் 2012ஆம் ஆண்டு தொடங்கிப் பின்னர் ‘கிராப்’ என்று பெயர் பெற்ற ஏற்பாட்டில், ஏறுமுன்னே கைப்பேசியில் வாடகை தெரிந்துவிடுகிறது.

பரீட்சை, சட்டம், மீட்டர், கைப்பேசி என்று இத்தனை ஏற்பாடு எதற்கு? ஒரு வியாபாரத்தில் இருவரில் ஒருவனுக்கு எல்லாம் தெரியும், மற்றவனுக்கு ஒன்றுமே தெரியாது என்றால், அங்கே பலவீனனைக் காக்க ஏதாவது வேண்டும் என்று மனித சமுதாயம் உணர்ந்ததற்காகத்தான்.

ஆனால் மீட்டர் மட்டும் போதுமா? கிரீஸ் தேசத்தின் தலைநகரான ஆத்தென்ஸில் பொருளாதார அறிஞர்கள் சிலர் ஒரு சோதனை செய்து 2013ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். ஆட்களை அமர்த்தி 348 முறை டாக்சியில் போகச் செய்தார்கள். ஒருவன் உள்ளூர்க்காரன்போல் பேசினான். ஒருவன் அதே நாட்டின் வெளியூர்க்காரன்போல் பேசினான். ஒருவன் அந்நிய நாட்டான்போல் பேசினான். பலன் என்ன? வழி தெரியாதவர்களைச் சுற்று வழியாகக் கொண்டுபோனார்கள். கட்டண விதி தெரியாத அந்நியனிடம் இல்லாத கட்டணங்களைச் சேர்த்து வாங்குவது அதிகமாக இருந்தது. மீட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது! மீட்டர் தூரத்தை அளக்கும். அந்தத் தூரம் போக வேண்டிய தூரந்தானா என்பதை அளக்காது. அதை அளக்கிற மீட்டர் மனச்சாட்சி ஒன்றே.

   

எது உன் சரக்கு?

நியாய விலையைப்பற்றி 13ஆம் நூற்றாண்டிலேயே மிகத் தெளிவாக ஆராய்ந்தவர் அர்ச். தோமாஸ் அக்குவினாஸ். அவருடைய போதனையின் சாரத்தை நம் பேச்சில் சொல்லுகிறேன்.

ஒரு பொருளை விற்பதால் விற்கிறவனுக்குத் தனிப்பட்ட நஷ்டம் ஏதாவது வருமானால், அந்த நஷ்டத்தையும் சேர்த்து அவன் விலை சொல்லலாம். அது நியாயமே. ஆனால் விற்கிறவனுக்கு விசேஷ நஷ்டம் ஒன்றும் இல்லை, வாங்குகிறவனுக்கு மட்டும் அந்தப் பொருள் மிகவும் தேவையாயிருக்கிறது என்றால், அந்தத் தேவையைக் காட்டி விலையை ஏற்றக்கூடாது. ஏன்? அந்தத் தேவை விற்கிறவனுடையது அல்ல; வாங்குகிறவனுடைய நிலைமை அது. தன்னுடையதல்லாததை விற்க எவனுக்கும் உரிமை கிடையாது.

இதை ஆட்டோ ஸ்டாண்டுக்குக் கொண்டுவாருங்கள். டிரைவரிடம் விற்பதற்கு என்ன இருக்கிறது? அவனுடைய வண்டி இருக்கிறது. பெட்ரோல், உழைப்பு, நேரம், வழி தெரிந்த அறிவு ஆகியவை இருக்கின்றன. இவை யாவும் அவனுடைய சரக்குத்தான். இவற்றுக்கு முழு விலை கேட்கட்டும். ஆனால் பிரயாணியின் அறியாமை அவனுடைய சரக்கு அல்ல. இரவு பத்து மணிக்கு, மழையில், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் ஒரு தாயின் பயம் அவனுடைய சரக்கு அல்ல. நூறு ரூபாய்ச் சவாரிக்கு முந்நூறு ரூபாய் வாங்கினால், நூறு ரூபாய் வண்டிக்கு வந்த கூலி; மீதி இருநூறு அந்தத் தாயின் பயத்தை அவளிடமே விற்று வாங்கியது.

ஆகவே நம் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. விலை தெரியாதவனிடம் அவனுக்கு விலை தெரியாது என்பதற்காகவே கூடுதலாக வாங்குவது ஏழாம் கற்பனைக்கு விரோதமான களவு. கத்தியைக் காட்டவில்லை, பூட்டை உடைக்கவில்லை என்பதனால் பெயர் மாறிவிடாது.

பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை வீட்டில் எடுத்து வாசித்துப் பாருங்கள். அந்நியனை உன் ஊரானைப்போலவே நடத்து என்ற கற்பனை அங்கே இருக்கிறது. அதை அடுத்து, ஒரு வரிகூட இடைவெளி இல்லாமல், படிக்கல்லும் மரக்காலும் சரியாயிருக்க வேண்டும் என்ற கற்பனை வருகிறது. இரண்டையும் இப்படிச் சேர்த்து வைத்ததில் அர்த்தம் உண்டு. கள்ள அளவைக்கு முதல் இரையாகிறவன் அந்நியன்தான். உள்ளூர்க்காரனுக்கு மரக்கால் தெரியும். தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவான். இரண்டு கற்பனைக்கும் எகிப்து தேசத்தையே சர்வேசுரன் நினைப்பூட்டுகிறார்: நீங்களும் அங்கே அந்நியராயிருந்தீர்களே!

நம்முடைய எகிப்து எது? மலேயாவின் ரப்பர்த் தோட்டம், சிங்கப்பூர்த் துறைமுகம், வளைகுடாவின் வெயில். நம் குடும்பங்களில் அந்நியனாக வாழ்ந்தறியாத குடும்பம் எத்தனை?

சில ஆட்சேபங்கள்

இதைக் கேட்டதும் சிலர் மனதில் ஆட்சேபங்கள் எழும். அவற்றை மூடி மறைக்காமல் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் ஆட்சேபம்: “அவன் பணக்காரன். ஐந்நூறு ரூபாய் அவனுக்கு ஒரு காப்பிக் காசு.”

பணக்காரனுடைய பணத்தை எடுத்தாலும் களவு களவே. அதோடு, ஆத்தென்ஸ் சோதனையை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஏமாற்றுக்கு இடம் கொடுத்தது பிரயாணியின் அறியாமை. நம் ஊரிலும் அப்படித்தான். உள்ளூர்ப் பண்ணையாரிடம் யாரும் இரட்டிப்பு வாடகை கேட்பதில்லை. அவருக்கு விலை தெரியும். கேட்பது வங்காளத்திலிருந்து நடவுக்கு வந்த கூலிக்காரனிடம். அவன் பணக்காரனா? ‘பணக்காரன்’ என்பது நாம் சொல்லிக்கொள்ளும் சமாதானம்; ‘ஏமாறுவான்’ என்பதே உண்மைக் காரணம்.

இரண்டாம் ஆட்சேபம்: “நான் சொன்னேன், அவன் ஒத்துக்கொண்டான். பலவந்தம் எங்கே?”

தெரிந்து ஒத்துக்கொள்வதுதான் சம்மதம். தெரியாமல் தலையசைப்பது சம்மதம் ஆகாது. உரோமையரின் பழைய சட்டத்தில், விலையில் பாதிக்கு மேல் வஞ்சனை நடந்திருந்தால்தான் வழக்குப் போட இடமிருந்தது. அக்குவினாஸ் இதை எடுத்துக் காட்டி, மனிதர் சட்டம் ஊரைக் கலகமில்லாமல் நடத்த எவ்வளவு வேண்டுமோ அவ்வளவையே தண்டிக்கிறது. தேவ சட்டமோ அதற்குக் குறைந்த வஞ்சனையையும் கணக்கில் வைக்கிறது என்கிறார். போலீஸ்காரர் பிடிக்கவில்லை என்பது நியாயத்துக்கு அத்தாட்சி அல்ல.

மூன்றாம் ஆட்சேபம்: “அரசாங்கமே அந்நியனிடம் அதிகம் வாங்குகிறதே! தாஜ்மகாலைப் பார்க்க நமக்கு 50 ரூபாய். வெளிநாட்டானுக்கு 1,100 ரூபாய்.”

இது யோசிக்கத் தக்க ஆட்சேபம். ஆனால் வித்தியாசத்தைக் கவனியுங்கள். அங்கே விலை பலகையில் எழுதியிருக்கிறது. வேண்டாம் என்றால் வந்தவன் திரும்பிப் போகலாம்.  அந்தக் கட்டடத்தைப் பராமரிக்க நம் நாட்டான் வரியும் செலுத்துகிறான் என்று ஒரு காரணமும் சொல்ல முடியும். அது கூடுதலா குறைவா என்று வாதாடலாம். வஞ்சனை என்று சொல்ல முடியாது. ஆட்டோவிலோ முகத்தைப் பார்த்த பிறகு விலை பிறக்கிறது. இரண்டு விலை இருப்பதனால் மட்டும் பாவம் வந்துவிடாது. ஒன்றை மறைத்து ஒன்றைச் சொல்வதிலேதான் பாவம்.

நான்காம் ஆட்சேபம்: “சாமி, எங்கள் கஷ்டம் உங்களுக்குத் தெரியாது. காலையிலிருந்து ஸ்டாண்டில் காத்துக் கிடந்து ஒரு சவாரி வருகிறது. வண்டித் தவணை இருக்கிறது. திரும்பும்போது காலியாக வர வேண்டும்.”

இந்தக் கஷ்டம் மெய்யானது. அதை யாரும் அற்பமாக எண்ணக்கூடாது. அக்குவினாஸ் சொன்னதில் பாதி உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. காலியாகத் திரும்பி வருவது உங்களுக்கு உண்மையான நஷ்டம். அதைச் சேர்த்துச் சொல்லுங்கள். இராத்திரிக்குக் கூடுதல், காத்திருந்த நேரத்துக்குக் கூடுதல், மண் ரோட்டுக்குக் கூடுதல் — எல்லாம் நியாயமே. ஒரே நிபந்தனை: இன்னதற்கு இவ்வளவு என்று ஏறுமுன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், உள்ளூரானிடமும் அதே கணக்கைச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். காரணத்தைச் சத்தமாகச் சொல்ல நாக் கூசினால், அந்தக் கூடுதல் நியாயமானதல்ல என்று மனச்சாட்சியே தீர்ப்புச் சொல்லிவிட்டது. மேலும், நியாய விலை என்பது பைசாக் கணக்காக அளந்து வைத்த ஒன்றல்ல. ஐந்து ரூபாய் முன்பின்னாகப் போவதால் நீதி குலையாது. இதற்காக யாரும் வீணாக மனச்சஞ்சலப்பட வேண்டாம்.

ஐந்தாம் ஆட்சேபம்: “நான் வெளிநாட்டுக்குப் போனபோது என்னையும் இப்படித்தான் ஏமாற்றினார்கள்.”

அப்படியானால் அந்த வலி உங்களுக்குத் தெரியும்; தெரிந்தவர் செய்வது தெரியாதவர் செய்வதைவிடக் கனமானது. உங்களை ஏமாற்றியவன் ஒருவன். நீங்கள் கடனை வசூலிப்பதோ, அந்த ஊரையே பார்த்திராத வேறொருவனிடம். சிங்கப்பூரிலிருந்து திரும்புகிறவர்கள், “அங்கே மீட்டர் காட்டுகிற காசுதான், ரசீதுகூடக் கேட்டு வாங்கலாம்” என்று பெருமையாகச் சொல்லக் கேட்கிறோம். அங்கே அனுபவித்த நேர்மையை இங்கே கொண்டுவருவதற்குச் சுங்கம் ஏதும் கிடையாது.

ஏறுகிறவனுக்கும் கடமை உண்டு

இதுவரை ஓட்டுகிறவனைப் பற்றியே பேசினோம். ஏறுகிறவன் குற்றமற்றவன் என்று எண்ணிவிட வேண்டாம்.

அந்நிய ஊரில் இறங்குகிறவனுக்கு எச்சரிக்கை அவசியம். சரியான வாடகை என்னவென்று முன்னதாகவே இரண்டு பேரிடம் விசாரித்து வைப்பதும், ஏறுமுன் பேசிக்கொள்வதும், மீட்டரைப் போடச் சொல்வதும் விவேகம். கோலாலம்பூர் விமான நிலையத்தில் முன்கூட்டியே பணம் கட்டிச் சீட்டு வாங்கும் வசதி இருப்பதுபோல், உள்ள வசதிகளைத் தெரிந்துகொள்வது புத்தி. ஆனால் எச்சரிக்கை வேறு, சந்தேகம் வேறு. எச்சரிக்கை நம் அறியாமையைப் போக்கப் பார்க்கிறது. சந்தேகமோ முகம் தெரியாத ஒருவனைக் குற்றவாளி என்று முன்பே தீர்த்துவிடுகிறது. ஒருவன் ஏமாற்றினால் “இந்த ஊர் டிரைவர்கள் எல்லாம் திருடர்கள்” என்று பேசுகிறோம். அதுவும் களவே, ஆயிரம் பேரின் நற்பெயரை ஒரே பேச்சில் எடுத்துக்கொள்ளும் களவு.

டிரைவரும் தன் வண்டியில் அந்நியனை ஏற்றுகிறான் என்பதை மறக்கக்கூடாது. ஏறுகிறவன் குடித்திருப்பானா, இறங்கும் இடத்தில் காசு கொடுப்பானா, கத்தி வைத்திருப்பானா என்று அவனுக்குத் தெரியாது. முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் அவன்தான். துபாயில் டாக்சி ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் பாகிஸ்தான், இந்தியா, வங்காளதேசம் ஆகிய நாடுகளிலிருந்து பிழைக்கப் போனவர்கள். அங்கே முன் இருக்கையிலும் அந்நியன். பின் இருக்கையிலும் அந்நியன். இருவர் வீட்டிலும் மாதாமாதம் பணத்தை எதிர்பார்க்கும் தாய் ஒருத்தி இருக்கிறாள்.

கூலிக்காரனின் நெருக்கடியைப் பார்த்து விலையைக் குறைப்பதும் இதே பாவத்தின் மறுபக்கம். மாலை வரை சவாரி கிடைக்காதவன் எதற்கும் இணங்குவான் என்று தெரிந்து, எண்பது ரூபாய்ச் சவாரியை நாற்பதுக்குப் பேசி முடித்துவிட்டு வீட்டில் பெருமை பேசுகிறோம். அவனுடைய பசி நமக்குச் சொந்தமா? அதை வைத்து நாம் லாபம் பார்க்கலாமா? விற்கிறவனுக்குச் சொன்ன நீதி வாங்குகிறவனுக்கும் உண்டு.

அக்குவினாஸ் கடைசியாக ஓர் அழகான வார்த்தை சேர்க்கிறார். பிறன் பொருளால் பெரும் பயன் அடைந்தவன் தன் சொந்த மனதோடு கூடக் கொஞ்சம் கொடுக்கலாம். அது அவனுடைய பெருந்தன்மை என்கிறார். கேட்டு வாங்கினால் அநியாயமாகும் அதே காசு, மனமுவந்து கொடுக்கப்படும்போது நட்பாகிறது. மழையில் வீடு வரை வந்து, பெட்டியையும் இறக்கி வைத்த டிரைவருக்குச் சில்லறையைத் திருப்பிக் கேட்காமல் விடுவது அத்தகையதே.

தொபியாசின் சரித்திரம் உங்களுக்குத் தெரியும். தூர தேசத்துக்கு வழி தெரியாமல் நின்ற வாலிபனுக்கு வழித்துணையாக ஓர் ஆளை அமர்த்துகிறார் தகப்பனார். அந்த ஆளின் ஊர் பேர் விசாரிக்கிறார், அது எச்சரிக்கை. கூலி தருவதாகப் பேசுகிறார், அது நீதி. பிரயாணம் சுகமாக முடிந்தபின், பேசிய கூலியோடு நில்லாமல், கொண்டுவந்ததில் பாதியையே கொடுக்க முன்வருகிறார்கள், அது நன்றி. அந்த வழிகாட்டி அதிதூதர் இரபேல் என்பது அவர்களுக்குக் கடைசியில்தான் தெரிந்தது. தெரியாத நிலையிலேயே அவரை நியாயமாக நடத்தினார்கள் என்பதில்தான் அவர்கள் சிறப்பு.

பார்த்துக்கொண்டு நிற்பவர்கள்

மூன்றாவது கூட்டம் ஒன்று இருக்கிறது. ஓட்டுவதுமில்லை, ஏறுவதுமில்லை, டீக்கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது.

1893ஆம் ஆண்டு காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவுக்குப் புதியவராகப் போனபோது, சார்லஸ்டவுனிலிருந்து குதிரைக் கோச்சு வண்டியில் பிரயாணம் செய்ய வேண்டியிருந்தது. முறையாகச் சீட்டு வைத்திருந்தும் அவரை உள்ளே உட்காரவிடவில்லை. வெளியே வண்டியோட்டியின் அருகில் இருத்தினார்கள். பிறகு வண்டித் தலைவன் அந்த இடமும் தனக்கு வேண்டுமென்று, காலடியில் சாக்கை விரித்து அதில் உட்காரச் சொன்னான். அவர் மறுக்கவே, அடித்துக் கீழே இழுக்கப் பார்த்தான். வண்டிக்குள் இருந்த வெள்ளையரில் சிலர் அப்போது இரக்கப்பட்டு, அவரை விட்டுவிடும்படி குரல் கொடுத்தார்கள். அடி நின்றது. அந்தப் பிரயாணிகள் யார், எந்த ஊரார் என்று நமக்குத் தெரியாது. அவர்கள் செய்தது ஒரு சின்னக் காரியம்: வாய் திறந்தார்கள்.

நம் கண்ணெதிரே வடநாட்டுக் கூலிக்காரன் ஒருவனிடம் மும்மடங்கு கேட்கப்படும்போது நாம் என்ன செய்கிறோம்? “நமக்கேன் வம்பு” என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். சில வேளை சிரிக்கவும் செய்கிறோம். சண்டை பிடிக்க வேண்டாம். “என்னப்பா, அங்கே போக அறுபது ரூபாய்தானே!” என்று சிரித்த முகத்தோடு ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஸ்டாண்டிலேயே மானமுள்ள டிரைவர்கள் இருக்கிறார்கள்; அவர்களுக்கும் அந்த வார்த்தை பலம் கொடுக்கும். நம் ஊர்ப் பெயர் அந்த அந்நியனோடு அவன் ஊருக்குப் போகிறது என்பதை நினையுங்கள்.

செய்ய வேண்டியவை

வண்டி ஓட்டும் சகோதரர்களே, ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஸ்டாண்டில் எல்லோரும் கூடிப் பேசி, எந்த இடத்துக்கு எவ்வளவு, இரவில் எவ்வளவு என்று ஒரு பலகை எழுதி மாட்டுங்கள். தமிழிலும், வெளியூரானுக்குப் புரிகிறபடி இலக்கத்திலும் எழுதுங்கள். உங்களுக்குக் கட்டுப்படியாகிற விலையையே எழுதுங்கள். ஆனால் எழுதியதை எல்லோருக்கும் ஒன்றாக வைத்திருங்கள்.

முன்பு அதிகமாக வாங்கியதைப்பற்றி மனம் உறுத்துகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அநியாயமாக வந்த பணம் பெட்டியில் எத்தனை நாள் கிடந்தாலும் சொந்தப் பணம் ஆகாது. உரியவனைக் கண்டால் அவனிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்நியனாகையால் அவன் எங்கே போனானோ தெரியாது. அப்போது அந்தத் தொகையை ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது திருச்சபையின் நெடுநாளைய போதனை. பெரிய தொகையானால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். காசு கொடுக்க வழியில்லாதவன், வழி தெரியாத ஒரு நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கூலி வாங்காமல் கொண்டுபோய் விடட்டும்.

பெற்றோர்களே, அன்றைய சாமர்த்தியங்களை நாம் சாப்பாட்டு நேரத்தில் பேசுகிறோம். “இன்று ஒருத்தன் நல்லா மாட்டினான்” என்று தகப்பன் சொல்லிச் சிரிக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் பிள்ளை ஒரு பாடம் கற்றுக்கொள்கிறது. அந்நியன் என்றால் மாட்டுகிறவன் என்பதே அந்தப் பாடம். அதே பிள்ளைதான் நாளை பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, தெரியாத ஊரில், தெரியாத ஒருவனின் வண்டிக் கதவைத் திறக்கப் போகிறது. அந்த வண்டியை ஓட்டுகிறவன் எப்படிப்பட்டவனாக இருக்க வேண்டுமென்று நாம் வேண்டிக்கொள்வோமோ, அப்படிப்பட்டவர்களாக நாம் இங்கே இருப்போம்.